ராக்டைம் ஆனி பயிற்சிக் குறிப்பு: எட்டுக்குள் மூன்று

அமெரிக்கப் பிடில் மெட்டு, டி மேஜர். டெக்சாஸ் பிடில்காரர் எக் ராபர்ட்சன் 1922-இல் நியூயார்க்கில் விக்டர் கம்பெனிக்குத் தனியாக வாசித்துப் பதிவு செய்தது. ஆளுக்கு ஆள் சுரம் மாறும். இங்கே பழகியது முதல் பகுதியின் ஆட்டத்தை மட்டும் உரித்தெடுத்த வடிவம்.

கர்நாடக சுருதியில் இருக்கும் வயலினை முதலில் ஜி-டி-ஏ-இ என மாற்றிக்கொள்ள வேண்டும். டி-யை சட்ஜமாக வைத்தால் வேண்டியது மூன்றே சுரம்: அந்தர காந்தாரம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம். பாருக்கு (கோடு போட்டுப் பிரித்த ஒரு தாளக் கட்டத்துக்கு) எட்டு சுரம், தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமின் ஒரு தட்டுக்கு நாலு:

கபத கபத கப | த கபத கபத க | பத கபத கபத

24 சுரம், மூன்று பார். முதல் மூன்று பாரும் பின்னணியில் டி கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டம்). நாலாவதில் ஏ7 கார்டு வரும்போது கணக்கும் சரியாக முடிந்திருக்கும். தாளத்தோடு இடறி நடக்கும் அமெரிக்க இசைப் பாணியான ராக்டைமின் வாசனை முழுக்க, எட்டோடு மூன்று மோதும் இந்த இடறலில்தான்.

வேகம் 50 (நிமிடத்துக்கு 50 தட்டு). ஒவ்வொரு 'க'-விலும் அழுத்தம். சுரத்துக்கு ஒரு வில் என்பதால் முதல் 'க' இழுப்பில், அடுத்தது தள்ளலில் விழும். தள்ளும்போது அழுத்தம் வராமல் போனால் காதுக்கு வெறும் நாலு நாலாகவே கேட்கும். வில்லை வைத்துவிட்டு, காலில் தட்டிக்கொண்டு 'தகிட' என்று வாயால் சொல்லிப் பார்த்தால் பிடிபடும்.

வேகம் 70. பஞ்சமம் செத்துப்போகிறது. காரணம் வில் இல்லை, இடது கை: டி தந்தியில் இரண்டாம் விரல் சாய்ந்து, பக்கத்து ஏ தந்தியைத் தொடுகிறது. விரலை நுனியில் நிமிர்த்தி அங்கேயே ஊன்றிவிட வேண்டும். தைவதத்துக்கு முதல் விரல் மட்டும் ஏறி இறங்கினால் போதும். கமகப் பழக்கத்தில் காந்தாரம் லேசாக அசைந்தாலும் மெட்டு குழைந்துவிடும்.

வேகம் 90. முழங்கையைத் தந்திக்குத் தந்தி தூக்கினால் தோள் வலிக்கும், சத்தமும் கரகரக்கும். இரண்டு தந்திக்கும் நடுவான உயரத்தில் முழங்கையை நிறுத்தி, மணிக்கட்டால் மட்டும் தாண்டுவது, வில்லின் நடுவில் நாலு விரல்கடை நீளத்துக்குள்.

ராபர்ட்சன் வாசித்த மூன்றாம் பகுதி ஜி மேஜர். இன்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது, மெட்டுக்கு மூச்சுவிட இடம் அதுதான். அங்கே காகலி நிஷாதம் (உயர்ந்த நி) கைசிகியாகும் (தாழ்ந்த நி): ஏ தந்தியில் இரண்டாம் விரல் அரை சுரம் பின்வாங்க வேண்டும். போகும்போது நினைவிருக்கிறது, டி-க்குத் திரும்பும் முதல் பாரில்தான் விரல் பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது.