நாலு கட்டில் கால், ஒரு உப்பு மரவை

ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30 அன்று எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்ற பலா வேரோடு சாய்ந்தது. தக்கலைப் பக்கம் அன்றைக்குச் சாய்ந்ததை எண்ணுவதைவிட நின்றதை எண்ணுவது எளுப்பம். எங்கள் மரத்தின் பெரும்பாகம் தடி மில்லுக்குப் போய் அறுபட்டு விலையாகிவிட்டது. அம்மா மட்டும் எட்டு இஞ்சுச் சதுரத்தில் நாலு துண்டைத் தனியாக அறுத்து வாங்கி, விறகுப்புரையில் செங்கல் மேல் அடுக்கி, மேலே ஒரு பழைய ஓலைப்பாயும் போட்டு மூடினாள்.

"இது கட்டிலுக்குக் காலு. ஒருத்தனும் தொடப்பிடாது."

எட்டு இஞ்சுக் கால் வைத்த கட்டிலில் யானைதான் படுக்கணும் என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. கட்டில் வருடக்கணக்கில் வரவேயில்லை. தடி மட்டும் நன்றாகக் காய்ந்தது.

இதற்கிடையில் எனக்குக் கடைசல் பைத்தியம் பிடித்தது. போனில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் மரக்கட்டையைச் சுழலவிட்டு, உளியை வைத்தால் சேமியா மாதிரி சுருள்சுருளாகச் சீவல் பறக்கிறது. பத்து நிமிடத்தில் கிண்ணம். பக்கத்து ஊரில் கடைசல் பட்டறையை மூடிய ஒரு மேசிரியிடம் பழைய லேத் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். மேசிரி வாழ்நாள் முழுக்கக் கட்டில் காலும் தொட்டில் கம்பும் சொப்புச் சாமானும் கடைந்தவர். கிண்ணம் என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"கம்பு கடையது வேற, கிண்ணம் கடையது வேற தம்பி. கம்புல நாரு நீளவாக்குல ஓடும். கிண்ணத்துல ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவ நாரு உன்னை எதுத்து நிக்கும். பாத்துக்கிடும்."

நான் பார்த்துக்கொள்ளவில்லை.

அம்மா சந்தைக்குப் போன நேரம் பார்த்து முதல் துண்டில் எட்டு இஞ்சு வெட்டினேன். நடுக்குருத்து கிண்ணத்துக்குள் வந்தால் கட்டாயம் வெடிக்கும் என்பதால் குருத்தோடு பிளந்து, நாலு மூலையையும் வாளால் கழித்து, தகட்டில் திருகாணி போட்டு லேத்தில் ஏற்றினேன். வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மரத்தின் அகலத்தை இஞ்சில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதோடு பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவில் நிற்கணும். எட்டு இஞ்சுக்கு 750 முதல் 1100 வரை. கட்டை கோணலாக இருக்கும்போது அதிலும் கீழே. இதெல்லாம் எனக்குத் தெரியும். வேகத்தை மாற்றும் பெல்ட் எந்தக் கப்பியில் கிடக்கிறது என்பதைத்தான் பார்க்கவில்லை.

சுவிட்சைப் போட்டதும் லேத் நடக்கத் தொடங்கியது. உருவகம் இல்லை, நிஜமாகவே நடந்தது. சிமெண்ட் தரையில் 'கடகடகட' என்று ஆடி ஆடி, கட்டியிருந்த ஆட்டைப் பார்த்துப் போனது. ஆடு கயிற்றோடு முளையையும் பிடுங்கிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் ஓடியது. வயரின் நீளம் தீர்ந்து பிளக் பிடுங்கிக்கொண்டதால் லேத் நின்றது. ஆடு சாயங்காலம்தான் வந்தது.

பிறகு பெல்ட்டை மாற்றி, லேத்தின் காலில் இரண்டு மூட்டை மணலைச் சாய்த்து, வெளிப்பக்கம் கடைந்து முடித்தேன். உள்ளே குடையும்போது ஆழத்தை அளக்க ஒரு குச்சி போதும். குச்சி எடுக்க எழுந்து போகச் சோம்பல். திடீரென்று சத்தம் மாறியது. உற்றுப் பார்த்தால் கிண்ணத்தின் அடியில் எதிரே இருக்கும் திருகாணி பளபளக்கிறது.

சந்தையிலிருந்து வந்த அம்மா அதைக் கையில் வாங்கி, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள். "புனல் நல்லாருக்கு மக்ளே." அப்புறம்தான் விறகுப்புரைப் பக்கம் திரும்பினாள். ஓலைப்பாய் விலகிக் கிடந்தது. "எலேய்! காலுலயா கை வச்சே?"

எட்டு இஞ்சுதானே போச்சு என்றேன். ஒரு கால் எட்டு இஞ்சு குட்டையான கட்டிலில் நீயே படு என்றாள். அன்றிலிருந்து வீட்டில் என் கணக்கு காலில்தான் நடந்தது. 'ஒரு காலு போச்சு.'

பலாத்தூள் நல்ல மஞ்சள். புத்த பிக்குகளின் துணிக்குச் சாயம் ஏற்ற இந்த மரத்தைத்தான் வேகவைத்துச் சாறு எடுப்பார்கள். தலை, புருவம், காது மடல் எல்லாம் மஞ்சளாக நான் வெளியே வர, பக்கத்து வீட்டு மாமி மதில் மேலிருந்து "பிள்ளைக்கு எப்பம் கல்யாணம்?" என்று கேட்டாள். எனக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம்.

ஒரு கால் போனால் கட்டிலும் போனதுதானே என்று இரண்டாவது காலிலும் கை வைத்தேன். இந்த முறை ஒழுங்காகவே போனது. வெளிப்பக்கம் கடைந்து, அடியில் லேத்தின் கவ்வி, அதாவது சக், பிடிக்க ஒரு சின்னக் குமிழ் விட்டு, திருப்பி மாட்டி, உள்ளே குடைந்தேன். ஆழத்துக்குக் குச்சியும் வைத்துக்கொண்டேன். உளியில் சாணை பிடித்த முகம் முதலில் மரத்தில் உட்காரணும், பிறகுதான் கைப்பிடியை மெல்லத் தூக்கி வாயைக் கடிக்கவிடணும். வாய் முதலில் போய்விட்டால் மரம் உளியைப் பிடுங்கும். ஒரு மணி நேரம் இதை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே கடைந்தேன். விளிம்பு மட்டும்தான் பாக்கி.

அப்போது மாமி மதில் மேலிருந்து, "கரண்ட் பில்லு எவ்வளவு வரும்?" என்றாள்.

திரும்பினேன். 'டக்.' குமிழ் முறிந்தது. கிண்ணம் என் தோளை உரசி, முருங்கைக்கு மேலாக ஏறி, கிணற்றில் நீர் இறைக்கும் துடியில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு 'தொபுக்.' முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டிருந்தேன் என்பதை அம்மாவிடம் இதுவரை மூன்று தடவை சொல்லிவிட்டேன். அவள் கேட்பதெல்லாம் தோளுக்கு என்ன போட்டிருந்தாய் என்றுதான்.

மாமி குற்ற உணர்ச்சியில் வீட்டுக்குள் ஓடி, பாதாளக்கரண்டியோடு வந்தாள். அதை இறக்கி அரைமணி நேரம் துழாவினோம். இரண்டு எவர்சில்வர் தம்ளர், ஒரு குடத்தின் கழுத்து, மாமி ஐந்தாறு வருடமாக என் மனைவிமேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அவள் தோசைக்கரண்டி எல்லாம் வந்தன. கிண்ணம் வரவில்லை. கடைசியில் அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"மரம் மிதக்கும்லா. அடியில எதுக்குலே தேடுகே?"

சுவரோரம் நிழலில், தவளை ஒன்றை ஏற்றிக்கொண்டு நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தது. வாளியை இறக்கி அள்ளினோம். தவளையும் வந்தது.

நனைந்த கிண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு மேசிரியிடம் போனேன். வழவழப்பாகக் கடைந்த இடமெல்லாம் நார் எழும்பி மூன்று நாள் தாடி மாதிரி இருந்தது. அவர் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கொள்ளாமே! கடைசித் தேய்ப்புக்கு முன்ன ஈரத்துணியால தொடச்சு நாரை எழுப்பணும், காய்ஞ்ச பொறவு தேய்ச்சா மறுபடி எழும்பாது. நாங்க துணியில தொடப்போம். நீரு கிணத்துல முக்கியிருக்கீரு, அவ்வளவுதான்."

நிழலில் ஒரு வாரம் காயவைத்தேன். கொஞ்சம் நீள்வட்டமாகிவிட்டது, வெடிக்கவில்லை. முறிந்த குமிழை அவரே உளியால் செதுக்கித் தந்தார். சொரசொரப்பிலிருந்து நைசுக்கு 120, 180, 240, 320 என்று உப்புத்தாளின் எண்ணை ஏற்றிக்கொண்டே போய்க் கையாலேயே தேய்த்தேன். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் எண்ணெய் பட்டதும் பல்லைக் காட்டும். நான் 180ஐத் தாண்டினேன். காட்டியது. திரும்பவும் 120லிருந்து.

மேசிரி காலத்து முறை வேறு. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டில் அரக்கு உருகி ஒட்டும், மேலே தாழை ஓலையை வைத்துப் பிடித்தால் கண்ணாடிதான். என் கிண்ணத்தை இனி லேத்தில் மாட்ட வழியில்லாததால் எண்ணெய்தான் கதி. எந்த எண்ணெய் என்பதில் வீடு இரண்டாகியது. எண்ணெய் என்றால் தேங்காயெண்ணெய், அதற்கு மேல் பேச்சில்லை என்பது அம்மா கட்சி. தேங்காயெண்ணெய் உறையும், உருகும், ஆனால் காயாது, எப்போதும் பிசுபிசுவென்றே இருக்கும் என்பது நான். ஆளிவிதை எண்ணெய்தான் காற்றுப் பட்டு இறுகித் தோலாகும். அதிலும் பெயின்ட் கடை டப்பாவில் வருவதில் சீக்கிரம் காய உலோக உப்பு சேர்த்திருப்பார்கள், சாப்பிடும் பாத்திரத்துக்கு ஆகாது. நாட்டுமருந்துக் கடையில் செக்கெண்ணெய் வாங்கினேன். மேலே பூச மார்த்தாண்டத்திலிருந்து தேன்மெழுகு.

எண்ணெய் துடைத்த துணியைக் கொடியில் விரித்துப் போட்டேன். அம்மா கேலி செய்தாள்: "கரித்துணியப் பட்டுச்சேலை மாதிரி காயப்போடுகான்." சுருட்டிப் போட்டால் இறுகும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும் என்றேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. "அப்பிடியா? அடுப்புல வை. ரெண்டு நாளா வெறகு பத்தல."

மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய ஒரு வாரத்துக்கு மேல். கடைசியில் மெழுகு தேய்த்துத் துடைத்தபோது பொன்னிறமாக மின்னியது. ஷோகேஸில் மகளின் கோப்பைகளை ஒதுக்கி நடுவில் வைத்தேன். கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்தார்கள். ஒருத்தர் எங்கே வாங்கியது என்று கேட்டார். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

காலையில் ஷோகேஸில் கிண்ணம் இல்லை. அடுக்களையில், அம்மியோரம், நிறையக் கல்லுப்பு, நடுவில் சிரட்டைக் கரண்டி. விளிம்பில் தேங்காயெண்ணெய் வாசம் வேறு.

"அம்மா, அது ஷோபீசு!"

"மரவைன்னா உப்புக்குத்தானே மக்ளே. எங்கம்மைக்க மரவை இதே போலத்தான் சாஞ்சு நிக்கும்." சிரட்டையால் ஒரு கை உப்பை அள்ளிக் குழம்பில் போட்டாள். "புளிக்கு ஒண்ணு வேணும். வத்தலுக்கும் ஒண்ணு. காலு இன்னும் ரெண்டு கிடக்குல்லா?"