தையல் நேர்த்திதான், தோல்தான் கறுக்கிறது

கோவையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு ஒன்றில் டிரஸ்ஸிங் நர்ஸாக இருக்கிறேன். முகமோ வயிறோ, எதற்கு வந்தாலும் டாக்டர் முதலில் விசாரிப்பது பீடி, சிகரெட்டைப் பற்றித்தான். பலருக்கு முகம் சுருங்கிவிடும். “வயிற்றுத் தோலைத்தானே எடுக்கப் போகிறீர்கள், நுரையீரலையா?” என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

மயக்க மருந்து, நுரையீரல் விவகாரம் தனி. நான் தோலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உடம்பு இளைத்தபின் தொங்கும் வயிற்றைச் சரிசெய்யும்போது, தோலை அடியிலிருந்து பிரித்துக் கீழே இழுத்து, மிச்சத்தை வெட்டித் தைக்கிறார்கள். அடியிலிருந்து வந்த ரத்தக் குழாய்கள் பல அதோடு அறுபட்டுவிடும். பிறகு மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஊர்ந்து வரும் ரத்தத்தில்தான் அந்தத் தோல் பிழைக்க வேண்டும். தையலை ஒட்டிய அடிவயிற்றின் நடுப்பகுதி, கீழ்பவானி வாய்க்காலின் கடைமடை மாதிரி. மதகைக் கொஞ்சம் இறக்கினாலும் முதலில் காய்வது அதுதான். நிகோடின் நுண்ணிய குழாய்களைச் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடோ, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. வருகிற கொஞ்ச ரத்தத்திலும் சத்து இல்லை.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் அண்ணன் ஒருவர். கட்டைப் பிரித்தபோது தையல் நேர்த்தியாகத்தான் இருந்தது. அதற்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கருநீலமாகியிருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை.

“அண்ணா, புகைத்தீர்களா?”

“இல்லை அம்மணி. டீ குடிக்கும்போது ஒன்றே ஒன்று.”

சில நாளில் அந்த இடம் கறுத்துக் கெட்டியாகிவிட்டது. அதை உடனே வெட்டி எறியவும் முடியாது. எதுவரை செத்தது, எது பிழைக்கும் என்று எல்லை தெரியும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு கறுப்பை அகற்றி, அடியிலிருந்து சதை வளர்ந்து குழி மூடும்வரை கட்டு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மெல்லிய கோடாக முடிந்திருக்க வேண்டியது அகலத் தழும்பானது. இளைத்த உடம்புக்கென்று புதுச் சட்டைகள் எடுத்து வைத்திருந்தார், பாவம்.

முன்னால் 4 வாரம், பின்னால் 4 வாரம் புகை கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. சில டாக்டர்கள், நிகோடின் உடம்பில் மாறி உண்டாகும் கோட்டினின் சிறுநீரில் இருக்கிறதா என்று பரிசோதித்துவிட்டுத்தான் தேதி கொடுப்பார்கள். தை முகூர்த்தத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம் மறைக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான். யாரும் திட்ட மாட்டார்கள். நான் கொஞ்சம் முறைப்பேன்.

இமைத் தொங்கலுக்கு வந்த பவானிக்கார அம்மா, பீடி நாற்றமே ஆகாது என்று சத்தியம் செய்தார். சுருக்குப் பையைத் திறந்தால் வெற்றிலையோடு புகையிலைத் துண்டு! மென்றாலும் நிகோடின் நிகோடின்தான். சிகரெட்டை விடுவதற்கு மெல்லும் நிகோடின் கம்மிலும் அதே சரக்குதான் இருக்கிறது. புகைப்பதைவிட எவ்வளவோ மேல் என்றாலும், டாக்டரிடம் சொல்லிவிட்டு மெல்லுங்கள்.

ஏலக்காயை வாயில் அடக்கிக்கொண்டு டிரஸ்ஸிங்குக்கு வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: முகக்கவசம் போட்டிருந்தாலும் எனக்கு மூக்கு வேலை செய்கிறது.