கிளினிக் கொப்பி

போன வருடம் மாரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு காலையில் என் தம்பி பக்கத்து வீட்டு மாமாவை மண்வெட்டிப் பிடியால் அடித்துவிட்டான். மாமாவுக்குக் கை முறிந்தது. எலும்பு முறிந்தால் சட்டத்தில் அது கடுங்காயம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தில் முற்படுத்தினார்கள். 14 நாள் விளக்கமறியல்.

தம்பிக்கு இருபது வயதிலிருந்தே வருத்தம். தனியே இருக்கும்போது குரல்கள் கேட்கும். மாத ஊசி போட்டால் நல்லாயிருப்பான். எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. "ஊருக்குத் தெரிஞ்சால் உன்ர காரியம் குழம்பிடும் பிள்ளை" என்று அம்மா கிளினிக்குக்குப் போவதையே குறைத்துவிட்டார். முதல் தவணையிலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் தவணைக்கு முதல் நாள்தான் சட்டத்தரணியிடம் சொன்னேன். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவர் மன்றில் விண்ணப்பம் செய்ய, மனநல மருத்துவ நிபுணரின் அறிக்கை வேண்டும் என்று நீதவான் கட்டளையிட்டார். அந்தக் கட்டளைக் கடிதம் ஏதோ ஒரு மேசையில் தூங்கியதில் இன்னும் இரண்டு தவணை போனது. அதைப் பற்றி எழுதி இனிப் பயனில்லை. நீங்கள் இந்த நிலையில் இருந்தால் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே போய்க் கேளுங்கள், அவ்வளவுதான்.

தடயவியல் உளவியல் என்றால் முகத்தைப் பார்த்தே குற்றவாளியைப் பிடிப்பது என்று தொலைக்காட்சி பார்த்து நினைத்திருந்தேன். நான் கண்டது ஒரு சின்ன அறை, ஒரு மேசை, வாசலில் இரண்டு சிறைக்காவலர்கள். டொக்டர் தம்பியிடம் முதலில் சொன்னது இதுதான்: "நான் இண்டைக்கு உமக்கு மருந்து தாறதுக்கு இருக்கேல்ல. நீர் சொல்லுறது அறிக்கையில நீதிமன்றத்துக்குப் போகும். விளங்குதோ?"

பிறகு கேட்ட கேள்விகள் எங்களைத் திகைக்க வைத்தன. என்ன குற்றம் சாட்டியிருக்கிறார்கள்? நீதவானின் வேலை என்ன? உமக்காகப் பேசுகிறவர் யார்? குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்ன நடக்கும்? மறியலில் ஒழுங்காக மருந்து கிடைத்திருந்ததால் தம்பி எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னான். அம்மா வெளியே வந்து அழத் தொடங்கிவிட்டார். "எல்லாம் சரியாச் சொல்லுறான். ஒண்டுமில்லை எண்டு எழுதப்போகினம்."

டொக்டர்தான் விளங்கப்படுத்தினார். கேள்வி ஒன்றல்ல, இரண்டு. இன்றைக்கு வழக்கை விளங்கிக்கொண்டு தன் பக்கத்தைச் சொல்லும் நிலையில் இருக்கிறானா என்பது ஒன்று. அடித்த அந்த வேளையில் மனநிலை எப்படி இருந்தது என்பது மற்றது. இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, 77 ஆம் பிரிவில் கேட்பது இந்த இரண்டாவதைத்தான்: சித்த சுவாதீனம் இல்லாததால், செய்கிற செயலின் தன்மையையோ, அது பிழை அல்லது சட்டத்துக்கு மாறானது என்பதையோ அறிய முடியாமல் இருந்தானா? வருத்தம் இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அதை நிரூபிக்கும் பொறுப்பும் எங்கள் பக்கம்தான். மருத்துவர் கருத்துத்தான் சொல்வார், தீர்ப்பு மன்றுடையது.

கடந்துபோன ஒரு காலையை எப்படி அளப்பது? அதற்குத்தான் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். நான் ஒரு கதையைச் சீராக அடுக்கி வைத்திருந்தேன்: மருந்து தவறவே இல்லை, திடீரென்று நடந்தது என்று. அவர் கிளினிக் கொப்பியைக் கேட்டார். நாலு மாதம் ஊசி போட்ட பதிவே இல்லை. மறைக்க நினைத்த அந்த வெற்றுப் பக்கம்தான் தம்பிக்கு உதவப்போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

அடுத்தது மாமாவின் பொலிஸ் வாக்குமூலம். அடிக்க முன்னர் தம்பி "கிணத்துக்க என்னத்தைப் போட்டனி?" என்று கத்தியதை மாமா உள்ளபடியே சொல்லியிருந்தார். இரண்டு கிழமையாகத் தம்பி எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடிக்காமல் கோயில் குழாயில் பிடித்து வந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடித்த பிறகு ஓடினானா, பிடியை ஒளித்தானா என்றும் கேட்டார். இல்லை, கிணற்றுக் கட்டிலேயே இருந்தான். மறியலில் யாரோ "பைத்தியம் மாதிரி நடி" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நல்லகாலம், இவன் நடிக்கவில்லை. ஒருவர் சொல்வதை மற்ற இடங்களில் உள்ள பதிவுகளோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்களாம்.

மொத்தம் மூன்று சந்திப்பு. அறிக்கை வந்தது: வழக்கு விசாரணையை எதிர்கொள்ளத் தகுதி உண்டு, சம்பவ வேளையில் கடும் மனநோயின் பிடியில் இருந்திருக்கிறான். அம்மா அதை விடுதலைப் பத்திரம் என்றே நினைத்தார். அப்படியில்லை. மன்று அதை ஏற்றாலும் நேரே வீட்டுக்கு விடமாட்டார்கள், பாதுகாப்பான காவலிலும் சிகிச்சையிலும் வைக்கக் கட்டளையிடலாம் என்று சட்டத்தரணி சொன்னார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. போன கிழமை வேலியடியில் மாமாவைக் கண்டேன். கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. "நான் கேட்டதைத்தான் சொன்னன் பிள்ளை," என்றார். கொஞ்சம் பொறுத்து, "வந்தானெண்டால் ஊசி ஆர் போடுறது?" என்று கேட்டார்.

நான் கூட்டிக்கொண்டு போவேன் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.