இறைச்சிக் கிடங்கில் ஓடிய டேப்

சென்னையில் ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை பார்த்தவர்களுக்கு நேரம் என்றால் கால்ஷீட்தான். வயலின்காரர்கள் வந்து உட்காரும் முன்பே மைக்குகள் தயாராக இருக்க வேண்டும். நோட்ஸ் கைக்கு வந்ததும் ஒரு ரிகர்சல், பிறகு டேக். ஸ்பூல் டேப் விற்ற விலைக்கு ரிகர்சலை யாரும் பதிவு செய்ததில்லை. ஓகே ஆகாத டேக்கின் மேலேயே அடுத்தது ஏறிவிடும். அந்தப் பழக்கத்தில் தொழில் கற்ற எனக்கு, லண்டனின் 'திஸ் ஹீட்' என்ற ராக் இசைக்குழு உருவான விதம் இன்றைக்கும் பெரிய ஆச்சரியம்.

மொத்தம் மூன்று பேர். டிரம்ஸ் வாசித்த சார்லஸ் ஹேவர்ட், 1975-ல் 'குவையட் சன்' குழுவின் ஆல்பத்தில் கிதார்காரர் ஃபில் மன்சனேராவோடு வாசித்தவர். கிதார்காரர் சார்லஸ் புல்லன், ஹேவர்டோடு சேர்ந்து மனோதர்மமாக வாசித்துப் பழகியவர். மூன்றாமவர் கேரத் வில்லியம்ஸ் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர். வாத்தியப் பயிற்சியே கிடையாது. அவரையும் சேர்த்துக்கொண்டு 1976 பிப்ரவரி 13 அன்று முதல் கச்சேரி செய்துவிட்டார்கள்.

எங்கள் தொழிலில் இது நடக்காது. நோட்ஸ் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கத் தெரியாதவர் கூடத்துக்குள்ளேயே வர முடியாது. ஆனால் கடையில் நாளெல்லாம் விதவிதமான தட்டுகளைக் கேட்டவருடைய காது சாதாரணக் காது அல்ல. விரல்களுக்குப் பழக்கம் இல்லாததால், கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அவருக்கு அது முதலில் ஒரு ஒலி. ஸ்வரம் என்பதெல்லாம் அப்புறம்தான். தேர்ந்த இருவர் அவரைத் திருத்தப் பார்க்காமல் சரிசமமாக வைத்துக்கொண்டார்களே, அந்தத் துணிச்சல்தான் இந்தக் குழுவின் பிறப்பு என்பேன்.

முதலில் கேம்பர்வெல்லில் ஹேவர்டின் பெற்றோர் வீட்டில் ஒத்திகை. பிறகு பிரிக்ஸ்டனில் பழைய இறைச்சித் தொழிற்சாலை ஒன்றின் குளிர்பதன அறை கிடைத்தது. கலைஞர்களுக்குக் குறைந்த வாடகையில் இடம் தரும் 'ஆக்மி' அமைப்பு வழியாக வந்த இடம். 'கோல்ட் ஸ்டோரேஜ்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். குளிர் வெளியேறாமல் இருக்கக் கட்டிய சுவர், சத்தத்தையும் ஓரளவு உள்ளேயே வைத்திருக்கும். மணிக்கணக்கு வாடகை இல்லை, அடுத்த பார்ட்டி வாசலில் காத்திருக்கவில்லை. வாசிப்பது, அதைப் பதிவு செய்வது, போட்டுக் கேட்பது, கேட்டதன் மேல் மறுபடி வாசிப்பது. இப்படியே நாட்கள் போயின.

1979-ல் வந்த முதல் ஆல்பத்தின் பதிவுகள் 1976 பிப்ரவரியில் தொடங்கி 1978 செப்டம்பர் வரை நீள்கின்றன. கேசட்டில் பிடித்த கரகரப்பான துண்டும் பெரிய ஸ்டுடியோவில் பதிந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வரும். எங்கள் மிக்ஸிங் அறையில் அந்த இரைச்சலைக் கண்டால் உடனே வெட்டச் சொல்வார்கள். அவர்களோ அந்த வேறுபாட்டையே இசையாக்கினார்கள். '24 ட்ராக் லூப்' என்ற பதிவை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். தாங்கள் வாசித்ததில் ஒரு சிறு துண்டை வளையமாக்கி, 24 ட்ராக்குகளில், அதாவது தனித்தனி ஒலித்தடங்களில் பரப்பி, கன்சோலில் ஒவ்வொன்றின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை ஏற்றி இறக்கியே ஒரு முழு உருப்படி செய்திருக்கிறார்கள். டேப்பைப் பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டி, மைக் ஸ்டாண்டில் மாட்டி இழுத்துப் பிடித்துச் சுழலவிடும் வேலை எங்களுக்கும் தெரியும். படத்துக்கு மழையும் சில்வண்டும் அப்படித்தான் நிற்காமல் ஓடின. ஆனால் அந்த வளையத்தையே பாட்டாக யோசிக்க எங்களுக்கு நேரம் யார் கொடுத்தார்கள்?

1977-ல் பிபிசி வானொலியின் இசைத் தொகுப்பாளர் ஜான் பீல் தம் நிகழ்ச்சிக்காக இவர்களை அழைத்துப் பதிவு செய்தார். இரண்டாவது ஆல்பம் 'டிசீட்', அணு ஆயுதப் போர் பற்றிய அச்சத்தில் விளைந்தது, 1981-ல் 'ரஃப் ட்ரேட்' இசைத்தட்டு நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. அதோடு வில்லியம்ஸ் விலகினார். 1982-ல் குழுவும் கலைந்தது.

விலகிய வில்லியம்ஸ் போனது கேரளத்துக்கு, கதகளி கற்க. பயிற்சியே இல்லாமல் மேடை ஏறியவர், ஆண்டுக்கணக்கான பயிற்சி கேட்கும் கலையைத் தேடி வந்ததில் எனக்கு முரண் தெரியவில்லை. செண்டையும் மத்தளமும் சேர்ந்து எழும்பும் அந்த ஓசைக்கு அப்படிப்பட்ட காது வந்து சேர்ந்தது இயல்புதான். அவர் 2001-ல் காலமானார். 2016-ல் ஹேவர்டும் புல்லனும் பழைய உருப்படிகளோடு லண்டனில் மீண்டும் மேடை ஏறியபோது பழைய பெயரை வைத்துக்கொள்ளவில்லை. கூட வாசிக்க இளைய கலைஞர்கள் பலரைச் சேர்த்துக்கொண்டார்கள்.