சுழிப்பிழை: இல்லை

பதினோராம் வகுப்பு இயற்பியலில் முதல் பாடமே அளவீட்டியல்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை மூன்றே நாளில் முடித்துவிடுவேன். ஏழு அடிப்படை அலகுகள், பரிமாண வாய்பாடு, முக்கிய எண்ணுருக்கள், நாலு கணக்கு. சரி, அடுத்த பாடம். நியூட்டன் விதிகளுக்குப் போனால்தான் இயற்பியல் தொடங்குகிறது என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

அந்த நம்பிக்கையை மாற்றியது ஒரு திருகு அளவி: மெல்லிய பொருள்களின் தடிமனைத் திருகி மூடி அளக்கும் கருவி.

கம்பியின் விட்டம் காணும் செய்முறை அது. மாதிரி அட்டவணை ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். புரியிடைத் தூரம் (திருகு ஒரு சுற்றில் நகரும் தூரம்) 1 மி.மீ., தலைக்கோல் (திருகோடு சுழலும் அளவுகோல்) பிரிவுகள் 100, மீச்சிற்றளவு (கருவி காட்டும் மிகச் சிறிய அளவு) 0.01 மி.மீ. அதற்குக் கீழே ‘சுழிப்பிழை: இல்லை’. கம்பி இல்லாமல் மூடும்போது கருவி சுழியைக் காட்டாமல் வேறு அளவைக் காட்டினால் அதுதான் சுழிப்பிழை. எல்லா நோட்டிலும் அந்த வரி அப்படியே ஏறிவிட்டது. ஒரே சுருளில் வெட்டிய கம்பி என்பதால் எல்லாருக்கும் 0.40 வந்தது. ஒரு மாணவிக்கு மட்டும் 0.44.

“திரும்ப அளந்து பாரும்மா.” அளந்தாள். 0.44. கம்பியை நகர்த்தி வைத்து இன்னொரு முறை. அதே 0.44. மணி அடிக்கப் போகிறது என்ற அவசரத்தில், “எல்லாருக்கும் 0.40 வருது, நீயும் அதையே எழுது” என்று சொல்லிவிட்டேன். ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அப்புறம் ரப்பரை எடுத்து அழித்தாள்.

மாலையில் கருவிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கும்போது, அவள் பயன்படுத்தியதை எடுத்துச் சும்மா திருகி மூடினேன். கடைசியில் ‘கட் கட்’ என்று சத்தம் வந்து நின்றது. தலைக்கோலின் சுழி, அளவு படிக்கும் கோட்டுக்கு வரவில்லை, கீழே இறங்கி இருந்தது. கோட்டோடு ஒன்றி நின்றது நான்காவது பிரிவு. அதாவது கருவி எதை அளந்தாலும் 0.04 மி.மீ. கூடுதலாகக் காட்டும்: நேர்ச் சுழிப்பிழை, திருத்தம் −0.04. அவளுடைய 0.44-இல் அந்த 0.04-ஐக் கழித்தால் அச்சாக 0.40.

அந்தப் பெண் பார்த்ததை எழுதியிருந்தாள். கருவி சொன்னதை ஒரு பிரிவுகூடத் தவறாமல் படித்திருந்தாள். பிழை என் கரும்பலகையில் இருந்தது. மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கருவியை அவள் கையிலேயே கொடுத்து, அந்த நான்கு பிரிவையும் மற்றவர்களுக்குக் காட்டச் சொன்னேன். கரும்பலகையில் மாதிரி அளவு எழுதிப் போடும் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

மூன்று நாள் பாடம் இப்போது இரண்டு வாரம் போகிறது. போகட்டும். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் அளவுகளே அவ்வளவு இருக்கின்றன. “யூனிட் என்றால் என்ன?” என்று கேட்டால் முதலில் வரும் பதில் கரண்ட் பில்தான். அந்த ஒரு யூனிட் ஒரு கிலோவாட் மணி, 36 லட்சம் ஜூல் என்று கணக்குப் போட்டுக் காட்டும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஒருமுறை ஆய்வகத்தில் ஒரு இரும்புக் கம்பியைக் காட்டி, பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை காட்டும் வெர்னியர் அளவியில் வைக்கும் முன்னே விட்டத்தை ஊகிக்கச் சொன்னேன். தச்சு வேலை செய்பவரின் மகன், “மூணு நூல் சார்” என்றான். ஒரு இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு நூல், மூன்று நூல் என்றால் 9.525 மி.மீ. அளந்தோம். முதன்மைக்கோலில் 9 மி.மீ., வெர்னியரில் ஐந்தாவது பிரிவு ஒன்றியது. 9.5. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “அப்ப 9.525-னு எழுதலாமா சார்?” என்று பக்கத்துப் பையன் கேட்டான். கூடாது. 9.5-க்கு மேல் அந்தக் கருவிக்குக் கண் தெரியாது. அதே நியாயத்தில்தான் 0.40-இன் கடைசிச் சுழியை விட்டுவிட்டு 0.4 என்று எழுதினாலும் தப்பு. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை பார்த்தேன் என்று சொல்வது அந்தச் சுழிதான்.

கிலோகிராம் பாடத்தையும் மாற்ற வேண்டி வந்தது. பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ரேயில் இருக்கும் பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் ஒரு கிலோ என்று வருடக்கணக்கில் நடத்தியிருக்கிறேன். 1889 முதல் அதுதான் உலகத்துக்கே எடைக்கல். நூறு வருடம் கழித்து அதன் நகல்களோடு ஒப்பிட்டபோது சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் தெரிந்தது. உருளை குறைந்ததா, நகல்கள் கூடினவா? சொல்ல வழியில்லை. ஏனென்றால் அந்த உருளைக்குச் சுழிப்பிழை பார்க்க அதைவிட மேலான இன்னொன்று உலகத்தில் கிடையாது. அதனால்தான் 2019 மே 20 முதல் கிலோகிராமை, இயற்கையில் எங்கும் மாறாத ஓர் அளவான பிளாங்க் மாறிலியோடு கட்டிவிட்டார்கள். இதைச் சொன்னபோது ஒருத்தி கையைத் தூக்கி, “ரேஷன் கடை அரிசி குறையுமா சார்?” என்று கேட்டாள். குறையாது. பழைய கிலோவோடு ஒட்டிவரும்படிதான் மாறிலிக்கு மதிப்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு நல்ல கேள்வி! வரையறை மாறினால் தட்டில் என்ன மாறும் என்று கேட்கத் தோன்றியிருக்கிறதே.

அந்தத் திருகு அளவியை நான் பழுதுபார்க்க அனுப்பவில்லை. ஒவ்வொரு வருடமும் மற்றவற்றோடு கலந்து, எது என்று சொல்லாமல் கொடுத்துவிடுவேன். முதல் ஐந்து நிமிடம் யாருக்கும் கம்பி கிடையாது, வெறும் திருகை மூடிப் படிக்க வேண்டும். ஆய்வகம் முழுக்க ‘கட் கட்’ என்று கேட்கும். நான் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு, “சார், இதுல நாலு இருக்கு” என்ற குரல் எந்த மேஜையிலிருந்து வருகிறது என்று காத்திருப்பேன்.