12 கேஜா, 20 கேஜா?

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவுக்கு, கோழி இனப் பறவையான ஃபெசன்ட் வேட்டைக்குப் போகும்போதெல்லாம் யாராவது என் 20 கேஜ் ஷாட்கன்னைப் (சிறு குண்டுகளைச் சிதறவிடும் வேட்டைத் துப்பாக்கி) பார்த்து, "இது சின்னப் பிள்ளைகளுக்கானது" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

குழலின் உள்விட்ட அளவுள்ள ஈயக் குண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு வருமோ, அதுதான் கேஜ் எண். அதனால்தான் 12-ஐவிட 20-இன் குழல் சிறியது. காடைக்கு 28கூடப் போதும். நாய் மோப்பம் பிடித்து நிற்க, பக்கத்திலேயே எழும் ஃபெசன்ட் சேவலுக்கு 20 தாராளம். சீசன் கடைசியில் பறவைகள் உஷாராகித் தூரத்திலேயே எழும்பிவிடும், காற்றும் பலமாக இருக்கும். அப்போது நானும் 12-ஐத்தான் எடுப்பேன். வாத்துக்கும் அப்படியே. 1991 முதல் அமெரிக்கா முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை (தோட்டாவுக்குள் நிரப்பும் சிறு குண்டுகள்) கூடாது. எஃகு ரவை எடை குறைவு, வேகம் சீக்கிரம் குறைந்துவிடும். அதனால் பெரிய ரவை வேண்டும், அதற்கு இடமுள்ள தோட்டாவும் வேண்டும்.

விலை உயர்ந்த இரட்டைக்குழல் வைத்திருப்பவர், பழைய பம்ப் துப்பாக்கியோடு (முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது) வருபவரை மட்டமாகப் பார்ப்பதும் சரியில்லை. எனக்குக் கோபம் வருவது எட்டாத தூரத்துக்குச் சுடுபவர்கள் மேல்தான். போன வருடம் அப்படி ஒருவர் சுட்டு, அடிபட்டுப் புல்லுக்குள் விழுந்த சேவலை நாயோடு அரை மணி நேரம் தேடினோம். கிடைக்கவே இல்லை.