எட்டு மாதம் பூல் ஆடியதில் என் நோட்டில் சேர்ந்தவை

போன டிசம்பர் கடைசி வாரம், தம்பி கூப்பிட்டான் என்று கோவையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருக்கும் ஒரு பூல் பார்லருக்குப் போனேன். துணி விரித்த டேபிளில் வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து, அது மோதி மற்ற பந்துகளை ஓரத்துக் குழிகளான பாக்கெட்டுகளில் தள்ள வைக்கிற ஆட்டம் பூல். அன்று ஒன்றரை மணி நேரத்தில் நான் பாக்கெட்டில் போட்டது நான்கே பந்து. ஆனால் நான்காவது பந்து விழுந்த சத்தம் இரவு தூங்கும்வரை காதில் இருந்தது. மறுநாளே ஒரு நோட்டு வாங்கி, போகிற ஒவ்வொரு முறையும் எழுதி வைக்க ஆரம்பித்தேன். பூல் பழகலாமா, அதில் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று யோசிப்பவர்களுக்காக அதிலிருந்து கொஞ்சம் இங்கே.

ஜனவரி. நேர்க்கோட்டுப் பயிற்சி மட்டும். ஒரு பந்தை டேபிளின் நடுவில் வைத்து, அதற்கும் மூலைப் பாக்கெட்டுக்கும் நேராக வெள்ளைப் பந்தை வைத்து இருபது முறை அடிப்பது. கோணம் கிடையாது, கணக்கு கிடையாது. அப்படியும் 20-க்கு 5. மிச்சப் பந்துகள் எல்லாமே பாக்கெட்டின் வலது ஓரத்தில் மோதித் திரும்பின. கை நடுங்குகிறது என்றுதான் மூன்று வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் கண். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு கட்டைவிரலை நீட்டி, தூரத்தில் ஒரு விளக்கை மறைத்துப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணால் பார்க்கும்போது விரல் நகராமல் இருக்கிறதோ, அதுதான் உங்களுக்கு முதன்மைக் கண். எனக்கு இடது. நானோ வலது கைக்காரி என்பதால் கியூவை, அதாவது அடிக்கிற கோலை, வலது கண்ணுக்குக் கீழே கொண்டுவந்து குனிந்திருக்கிறேன். நேராக இருக்கிறது என்று நான் பார்த்த கோடு நேராகவே இல்லை. எல்லோருக்கும் கியூ முதன்மைக் கண்ணுக்கு நேர் கீழேதான் வர வேண்டும் என்றில்லை, சிலருக்கு இரண்டு கண்ணுக்கும் நடுவில் வரும். அவரவர் அடித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முகவாயை ஒரு அங்குலம் நகர்த்திய அன்று 20-க்கு 9. நோட்டில் அந்தப் பக்கத்தைச் சுற்றி சிவப்பு மையில் கட்டம் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி, மார்ச். அங்கே டேபிள் பார்த்துக்கொள்ளும் பையன் ஒருநாள் சொன்னான்: "அக்கா, பந்து விழுந்துச்சான்னு பாக்காதீங்க. வெள்ளை எங்க போய் நிக்குதுன்னு பாருங்க." இந்த ஆட்டத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த பாடங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை. எட்டுப்பந்து ஆட்டத்தில் உங்கள் ஏழு பந்தையும் போட்டுவிட்டுக் கடைசியில் கறுப்பு எட்டைப் போட வேண்டும். எவ்வளவு அழகாக ஒரு பந்தைப் போட்டாலும், வெள்ளை போய் எதிராளியின் பந்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் அடுத்த அடி இல்லை.

அதனால் ஸ்டாப் ஷாட் பழகினேன். வெள்ளைப் பந்து உருளாமல், எந்தச் சுழற்சியும் இல்லாமல் வழுக்கிக்கொண்டே போய் இன்னொரு பந்தில் நேராக மோதினால், தன் வேகத்தை எல்லாம் அதனிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை என்பதால் வருகிற விளைவு இது. தூரம் கூடினால் வெள்ளையைக் கொஞ்சம் கீழே அடித்து, பின்னோக்கிச் சுழல வைக்க வேண்டும், ஏனென்றால் துணியின் உராய்வு போகப் போக அந்தப் பின்சுழற்சியைத் தின்றுவிடும். பின்சுழற்சி தீர்ந்து, முன்னோக்கி உருளத் தொடங்குவதற்குள் மோதல் நடந்துவிட வேண்டும். பள்ளியில் மனப்பாடம் செய்த உந்த அழிவின்மை விதியை முப்பத்தாறு வயதில் பச்சைத் துணிமேல் கண்ணால் பார்த்தேன். உடம்பே சிலிர்த்தது.

ஏப்ரல், மே. இந்த இரண்டு மாதத்தை எழுதவே மனமில்லை. 9, 10, 9, 8, 10. ஏறவே இல்லை. பழகப் பழகத் தானாக வந்துவிடும் என்பது பூலில் நடக்காது. தவறாகவே அடித்துப் பழகினால் தவறுதான் கைக்குப் படியும். தம்பி போனில் வீடியோ எடுத்தபோதுதான் தெரிந்தது, கியூ பந்தைத் தொடும் அதே நொடியில் நான் தலையைத் தூக்குகிறேன், பந்து விழுகிறதா என்று பார்க்க. அப்புறம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒரு காலி பாட்டிலைப் படுக்க வைத்து, அதன் வாயில் இடிக்காமல் ஒரு நீளமான குச்சியை உள்ளே விட்டு எடுத்துப் பழகினேன், தினமும் பத்து நிமிடம். இதற்கு டேபிளும் வேண்டாம், காசும் வேண்டாம்.

காசைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே மணிக்கு 160 ரூபாய். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் என்றால் மாதம் 1,920. சும்மா ஒரு விளையாட்டு என்று சொல்லிக் கடந்துபோகிற தொகை இல்லை இது. வீட்டிலேயே ஒரு டேபிள் போடலாமே என்றால், ஒன்பதடி டேபிளில் ஆடுகிற பரப்பு மட்டும் 100 அங்குலத்துக்கு 50. கியூ 58 அங்குலம் இருக்கும், அதை நாலு பக்கமும் வீச இடம் விட்டால் அறை குறைந்தது 18 அடிக்கு 14 அடி வேண்டும். துணிக்கு அடியில் இருப்பதோ கற்பலகை. எங்கள் வாடகை வீட்டு மாடியில் அதை ஏற்ற முடியாது.

பணத்தைவிட எனக்குப் பெரிய குறை அந்த இடங்களின் சூழல். முதலில் போன பார்லரில் உள்ளேயே புகைபிடித்தார்கள். பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 முதல் இருக்கிறது, சொன்னால் சிரித்தார்கள். துணி மாற்றும்போது என் துப்பட்டாவில் வந்த நாற்றத்தைப் பார்த்து அம்மா, "அங்கெல்லாம் போய்த்தான் விளையாடணுமா கண்ணு?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. தோற்றவர் டேபிள் காசு கொடுப்பது என்று ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் ஆட்டத்துக்கு ஐந்நூறு என்று பந்தயம் போவதையும் பார்த்தேன். நான் அந்தப் பக்கமே போகவில்லை. தம்பியிடமும் காசு பாதிப்பாதி என்று முதலிலேயே பேசிக்கொண்டேன். ஒரு பெண் தனியாகப் போய் குனிந்து அடிக்கும்போது எல்லாத் தலையும் திரும்புவது இன்னும் கொடுமை. இப்போது போகிற இடத்தில் குடும்பத்தோடு வருகிறார்கள், புகையும் கிடையாது. அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும், பரவாயில்லை.

அம்மாவுக்கு ஒரு பதில் மட்டும் என்னிடம் இருந்தது. பூலின் உறவுக்கார ஆட்டமான ஸ்னூக்கர் 1875-ல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகள் நடுவே பிறந்தது. அதன் விதிகளை எழுதி மாட்டியது நமக்கு மேலே இருக்கும் ஊட்டி கிளப்பில், 1882-ல். "நம்ம ஊட்டியிலயா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமை ஒன்றும் சொல்லாமல் சீக்கிரமே சோறு போட்டுவிட்டார்.

உடம்புக்கு நல்லதா என்று ஆபீஸில் கேட்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் என் போன் காட்டுவது 2,300 காலடி சொச்சம். நடைப்பயிற்சிக்கு இது ஈடாகாது. இடுப்பும் கழுத்தும் வலிக்கத்தான் செய்கின்றன. கால்களை இன்னும் அகட்டி, முன் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிய பிறகு இடுப்புவலி பாதியாகக் குறைந்தது. கழுத்துக்கு அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து உட்காருவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. எனக்குக் கிடைத்த நன்மை வேறு. நாள் முழுக்க வங்கிக் கவுன்ட்டரில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவதைக் கேட்கிற எனக்கு, குனிந்து வெள்ளைப் பந்தைப் பார்க்கிற அந்த ஐந்து விநாடியில் வேறு எந்தச் சத்தமும் கேட்பதில்லை. அதற்காகவே அந்த 1,920-ஐ மற்ற செலவில் பிடித்துக் கொடுக்கிறேன்.

ஜூன், ஜூலை. சாரல் காலம். காற்றில் ஈரம் ஏறினால் துணி மந்தமாகிவிடுகிறது, மேயில் அடித்த அதே வேகத்தில் பந்து பாக்கெட்டுக்கு முன்னாலேயே நின்றது. பயிற்சி தவறிவிட்டதோ என்று கலங்கினேன். டேபிள் பார்க்கிறவர் சொன்ன பிறகு, ஆட்டம் தொடங்குமுன் வெள்ளையை ஒருமுறை எதிர்ப்பக்க ரப்பர் விளிம்பான குஷனுக்கு அனுப்பி, அது எவ்வளவு தூரம் திரும்பி வருகிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.

போன ஞாயிறு கணக்கு: நேர் அடி 20-க்கு 14. அதில் வெள்ளை அங்கேயே நின்றது எட்டு. தம்பியோடு ஐந்து ஆட்டம், இரண்டு எனக்கு. இரண்டாவதில் கடைசி மூன்று பந்தையும் எட்டையும் ஒரே மூச்சில் போட்டேன். ஆட்டம் தொடங்கும்போது பந்துக் கூட்டத்தைச் சிதறடிக்கிற பிரேக் அடி இன்னும் பலமில்லாமல்தான் இருக்கிறது, ஆகஸ்டில் அதை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.